பனைமூட்டு மணலும் விண்மீன் செதுக்கிய தூணும்

ஆடி மாதம் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்கு மேல்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி வரும் அந்தக் காற்று செம்மணலை அள்ளி முழங்கால் உயரத்துக்கு வீசும். கால் எரியும், கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் காற்று செய்த வேலையைப் பார்க்க வேண்டுமானால் ஆடியில் போகக் கூடாது. புரட்டாசிக் கடைசியில், காற்று ஓய்ந்த பிறகு போக வேண்டும். பனைமூட்டுக்கு மேற்கே வேர் தெரியும்படி மணல் பறிபட்டுக் கிடக்கும். கிழக்கே, மரத்தின் மறைவில், வால்போல ஒரு மணல் திட்டு நீண்டிருக்கும். பக்கத்தில் உடைமரம் ஒன்று நின்றால் அதற்கும் அதே திசையில் ஒரு வால். அந்த வாலைப் பார்த்தால் போதும், காற்று எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

சென்ற புரட்டாசியில் குதிரைமொழித் தேரியில் அப்படியொரு பனைமூட்டில் அக்காள் மகளோடு உட்கார்ந்திருந்தேன். அது இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986-இல் மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலியோடு இருந்தது, எங்கள் பேச்சில் இன்னும் நெல்லைச் சீமைதான். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு என் போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த, கழுகு நெபுலா என்ற விண்முகிலின் நடுப்பகுதி. இருண்ட மூன்று தூண்கள் ஒரே பக்கமாகத் தலை நீட்டி நிற்கும் அந்தப் படத்துக்குப் ‘படைப்பின் தூண்கள்’ என்று பெயர். தொலைவு ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு). இடப்பக்கத் தூண் மட்டுமே 4 ஒளியாண்டு நீளம். சூரியனுக்கும் அதற்கு அடுத்த விண்மீனுக்கும் இடையில் உள்ள தொலைவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு காலடி மணலைப் பார்த்தாள். “மாமா, அங்கேயும் ஒரே பக்கமிருந்துதான் காற்று அடித்திருக்கிறது” என்றாள்.

முக்கால்வாசி சரியாகச் சொல்லிவிட்டாள். ஒரே பக்கம் என்பது சரி. ஆனால் அந்தத் தூண்களைச் செதுக்கியதில் காற்றைவிட வெளிச்சத்துக்குத்தான் பங்கு அதிகம். வெளிச்சம் எப்படிச் செதுக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

நெபுலா என்பது விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த முகில். ஒண்முகில் என்றும் எழுதுகிறார்கள். பெரும்பகுதி ஹைட்ரஜன், அடுத்து ஹீலியம், மற்றவை சொற்பம். முகில் என்றதும் குற்றாலத்தில் சாரலோடு இறங்கும் மேகத்தை நினைத்துவிடக் கூடாது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஓரியன் விண்மீன் குழுவில் தெரியும் ஓரியன் நெபுலாவின் மிகப் பிரகாசமான நடுப்பகுதியில்கூட அதே அளவு இடத்தில் பத்தாயிரம் துகள்கள் அளவில்தான் இருக்கும். நம் ஆய்வகத்தில் அதை வெற்றிடம் என்றே சொல்வோம். கண்ணுக்குத் தெரியுமளவு அது திரண்டிருப்பதற்குக் காரணம், அந்த முகில் பல ஒளியாண்டு ஆழத்துக்குப் பரந்து கிடப்பதுதான்.

விண்மீன் பிறப்பதற்கு முன் இந்த முகில் கும்மிருட்டு, கடுங்குளிர்: பூஜ்ஜியத்துக்குக் கீழே 260 டிகிரி அளவில். குளிர்ந்த வாயுவுக்குத் தன் எடையைத் தாங்கும் வலு இல்லை. ஆங்காங்கே அடர்ந்த முடிச்சுகள் தம் ஈர்ப்பாலேயே உள்ளே சரிந்து விண்மீன்களாகின்றன. பிறப்பவற்றில் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை. அவை சுற்றியுள்ள முகிலைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. நூற்றுக்கணக்கில் ஒன்றோ இரண்டோதான் சூரியனைப் போலப் பத்து மடங்கு, முப்பது மடங்கு நிறையோடு பிறக்கின்றன. பிறந்த வீட்டையே புரட்டிப் போடுவது அந்த ஒன்றிரண்டுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஓரியன் நெபுலாவின் நடுவில் இருக்கும் தீட்டா 1 ஓரியானிஸ் சி என்ற விண்மீனை எடுத்துக்கொள்வோம். சூரியனைப் போல முப்பது மடங்குக்கு மேல் நிறை, இரண்டு லட்சம் மடங்கு அளவில் ஒளி. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. இதனுடையது 39,000 டிகிரி. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது. பொருள் சூடேறச் சூடேற அது விடும் ஒளி சிவப்பிலிருந்து நீலத்துக்கும், அதைத் தாண்டிப் புற ஊதாவுக்கும் நகர்கிறது. கொல்லன் உலையில் இரும்பு செக்கச்செவேலென்று தொடங்கி வெள்ளையாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். 39,000 டிகிரியில் ஒளியின் உச்சமே புற ஊதாவுக்குள் ஆழமாகப் போய்விடுகிறது.

ஹைட்ரஜன் அணு ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும் சேர்ந்தது. 91 நானோமீட்டரைவிடக் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளி வந்து மோதினால் அந்த எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு ஓடும். இதைத்தான் அயனியாக்கம் என்கிறோம். சூரியனிடம் அப்படிப்பட்ட ஒளி மிகச் சொற்பம். தீட்டா 1 சி-யிடம் அது வெள்ளமாகப் பாய்கிறது. பிய்ந்து ஓடும் எலக்ட்ரான் மிச்சமுள்ள ஆற்றலோடு பக்கத்துத் துகள்களை முட்டி முட்டிச் சூடேற்றுகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 260 டிகிரியில் உறைந்திருந்த வாயு பத்தாயிரம் டிகிரி அளவுக்கு ஏறிவிடுகிறது.

இந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்? இதைப் புரிந்துகொள்ளப் பாளையங்கால்வாய்ப் பாசனத்தை நினைத்துக்கொண்டால் போதும். தலைமடை வயல்கள் முதலில் குடிக்கும். மிஞ்சியது அடுத்த வயலுக்கு. கடைமடைக்குப் போகும்போது வாய்க்கால் ஈரமாக மட்டும் இருக்கும். ஒருமுறை பாய்ச்சிவிட்டால் தீர்ந்துவிடுவதும் இல்லை. தலைமடை வயல் காய்ந்ததும் மறுபடி குடிக்கும். நெபுலாவிலும் பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் ஏதோ ஒரு புரோட்டானோடு சேர்ந்துவிடுகிறது, அதை மறுபடி பிரிக்க இன்னும் ஒளி செலவாகிறது. இப்படிச் செலவாகிச் செலவாகி, ஓர் எல்லையில் புற ஊதா முழுக்கத் தீர்ந்துபோகும். அதற்கு அப்பால் வாயு குளிர்ந்து இருண்டே கிடக்கும். இந்தக் கடைமடைக் கணக்கை 1939-இல் போட்டுக் காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வானியலாளர் பெங்ட் ஸ்ட்ரோம்கிரென். அந்த எல்லைக்கு உட்பட்ட பகுதி இன்றும் அவர் பெயரால் ஸ்ட்ரோம்கிரென் கோளம் என்றே வழங்குகிறது. நெபுலாப் படங்களில் ஒளிரும் பகுதி முடிந்து இருள் தொடங்கும் விளிம்பைக் கண்டால், அதுதான் கடைமடை.

எலக்ட்ரான் திரும்பிவந்து சேரும்போது படிப்படியாக இறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட படியில் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியை விடுகிறது. நெபுலாப் படங்களில் வரும் ரோஜாச் சிவப்பு அதுதான். தேரி மணலின் சிவப்பு வேறு. அது மணலைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடின் நிறம், பகல் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். நெபுலாவின் சிவப்போ வாயு தானே விடும் ஒளி. கடைத்தெருவில் எரியும் நியான் விளக்கும் இந்த இனம்தான். அங்கே மின்சாரம் செய்வதை இங்கே விண்மீனின் புற ஊதா செய்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் பார்க்கும் எல்லா நிறமும் கண்ணுக்குத் தெரியும் நிறமல்ல. படைப்பின் தூண்கள் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று வானியலாளர்களே நிறம் கொடுத்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்ட அது தேவை. மாணவர்களிடம் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தொலைநோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னால், சாம்பல் நிறப் புகையைப் பார்த்து முகம் வாடிவிடுவார்கள்.

வாயு சூடாகிவிட்டது. அடுத்து என்ன? இட்லிக் கொப்பரையில் நீர் கொதித்ததும் மூடி ஏன் துள்ளுகிறதோ அதேதான். வெப்பம் ஆயிரம் மடங்கு கூடினால் அழுத்தமும் அதற்கேற்ப ஏறும். அணுக்கள் உடைந்து துகள்களின் எண்ணிக்கையும் பெருகியதால் இன்னும் ஏறும். இதைத் தாங்க அக்கம்பக்கத்துக் குளிர் வாயுவால் முடியாது. சூடான குமிழி வெளியே பிதுங்குகிறது, நொடிக்குப் பத்து கி.மீ. அளவு வேகத்தில். திருநெல்வேலியில் கிளம்பினால் ஒரு நிமிடத்தில் சென்னையில் இருக்கலாம். ஆனால் நெபுலாவின் அளவுக்கு இது ஆமை நடை. ஒரு ஒளியாண்டு விரிய முப்பதாயிரம் ஆண்டு ஆகும்.

அக்காள் மகள் சொன்ன காற்றும் உண்டு. அதற்கு விண்மீன் காற்று என்றே பெயர். இத்தனை ஒளியைக் கக்கும் விண்மீனில், அந்த ஒளியின் அழுத்தமே மேற்பரப்பு வாயுவை உந்தித் தள்ளிவிடுகிறது. நம் சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது, நொடிக்கு 400 கி.மீ. அளவில். தீட்டா 1 சி-யின் காற்று நொடிக்கு 2,500 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் ஒன்றரை நொடிக்குள். அந்த வேகத்தில் போய் முகிலில் மோதும்போது பல லட்சம் டிகிரி வெப்பமுள்ள, எக்ஸ்-கதிர் விடும் வாயு உண்டாகிறது. போயிங் 747 விமானத்தில் பொருத்திய ஸோஃபியா என்ற தொலைநோக்கியால் ஓரியன் நெபுலாவை அளந்த ஆய்வாளர்கள் 2019-இல் அதன் விளைவை வெளியிட்டார்கள். இந்த ஒற்றை விண்மீனின் காற்று, சூரியனைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட நிறையுள்ள வாயுவை ஓர் ஓடுபோல ஒதுக்கித் தள்ளி, உள்ளே பெரும் குமிழியை ஊதி வைத்திருக்கிறது. குமிழிக்குள் புதிய விண்மீன் பிறக்க வாயுவே மிஞ்சவில்லை. காற்றின் பங்கைவிட, சூடான வாயுவின் அழுத்தமே பெரிது என்று பலர் எண்ணியிருந்தார்கள். ஓரியனில் காற்றின் கை ஓங்கியிருப்பது அப்போது தெளிவானது.

ஆகவே ஓரியன் நெபுலாவை ஒரு பந்து என்று எண்ணாதீர்கள். பெரிய இருண்ட முகில் ஒன்றின் நம்மைப் பார்த்த பக்கத்தில் விழுந்த குழி அது. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பது போல நாம் பார்க்கிறோம், கிண்ணத்தின் உள்சுவர்தான் ஒளிர்கிறது.

இனித் தூண்களுக்கு வருவோம். முகில் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. அடர்ந்த முடிச்சுகள் உண்டு. விரிந்துவரும் வெளிச்ச எல்லை மெல்லிய வாயுவை விரைவாகக் கரைத்துக்கொண்டே போகிறது. முடிச்சில் வந்து முட்டும்போது அதன் தோலை மட்டுமே கரைக்க முடிகிறது. முடிச்சுக்குப் பின்னால் நிழல். நிழலில் இருக்கும் வாயு கரையாமல் தப்பிக்கிறது. முடிச்சு தலையாகவும் நிழல் உடலாகவும் ஒரு தூண் எழுந்து நிற்கிறது. பனைமூடும் அதன் மறைவில் நிற்கும் மணலும் இதே கணக்குத்தான்.

ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம். பனை கரையாது, முடிச்சு கரையும். படைப்பின் தூண்களின் படத்தை விரல்களால் பெரிதாக்கி, தூணின் உச்சியை மட்டும் உற்றுப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய புகை இழை இழையாக, விண்மீன் இருக்கும் திசையை நோக்கியே எழுந்துகொண்டிருக்கும். ஈரத் துணியை வெயிலில் போட்டால் ஆவி எழுவது போல, வெளிச்சம் பட்ட தோல் ஆவியாகிப் போகிறது. ஆவி முன்பக்கம் பாய்ந்தால் முடிச்சு பின்பக்கம் உதைபடும். யான் ஊர்ட், லைமன் ஸ்பிட்சர் என்ற இருவர் 1955-இலேயே இந்த ராக்கெட் உதையைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். 2015-இல் வெளியான அளவீட்டின்படி அந்தத் தூண்கள் பத்து லட்சம் ஆண்டுக்கு எழுபது சூரியன் நிறையை இழக்கின்றன. மொத்தமே இருநூறு சூரியன் நிறைதான். இன்னும் முப்பது லட்சம் ஆண்டில் தூண் இருக்காது.

ஓரியனில் இதே கதையைச் சிறிய அளவில் பார்க்கலாம். தீட்டா 1 சி-யைச் சுற்றி, இன்னும் கோள்கள் உருவாகும் பருவத்தில் இருக்கும் சின்னஞ்சிறு விண்மீன்கள் தூசித் தட்டுகளைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. 1990-களில் ஹப்பிள் அவற்றைப் படமெடுத்தது. ஒவ்வொன்றும் தலைப்பிரட்டை போல வால் முளைத்திருக்கிறது. அந்த வால்கள் எல்லாம் தீட்டா 1 சி-க்கு நேர் எதிர்ப் பக்கம் நீண்டிருக்கின்றன. கோள்களாக வேண்டிய தூசியும் வாயுவும் அந்த வெளிச்சத்தில் ஆவியாகிக்கொண்டிருக்கின்றன. இந்தப் படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அங்கே உருவாகாமல் போகப்போகும் ஊர்களை நினைத்து மனம் கனக்கிறது.

பெரிய விண்மீன் அழிவு மட்டும் செய்கிறது என்றும் முடிவுகட்டிவிட முடியாது. விரியும் குமிழியின் விளிம்பில் வாயு குவிந்து நெருங்குகிறது; நெருங்கிய இடத்தில் புதிய விண்மீன்கள் பிறக்க வாய்ப்பு உண்டு. தூண்களின் உச்சியில் குழந்தை விண்மீன்கள் இருப்பதை அகச்சிவப்புக் கதிர்ப் படங்கள் காட்டுகின்றன. அவை நெருக்கப்பட்டதால் பிறந்தவையா, எப்படியும் பிறக்கவிருந்து மூடியிருந்த வாயு விலகியதால் வெளியே தெரிந்தவையா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை. இரண்டும் நடக்கிறது என்பதே என் எண்ணம்.

நம் பஞ்சாங்கத்திலேயே இப்படியொரு விண்மீன் இருக்கிறது. மிருகசீரிடத்தின் முதன்மை விண்மீன் ஓரியனின் தலையில் உள்ள மெய்ஸா. அதுவும் இளம் வயதுப் பெருவிண்மீன்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒளியாண்டுத் தொலைவில், தன்னைச் சுற்றி நூறு ஒளியாண்டுக்கு மேல் அகலமான வளையம் ஒன்றை ஒதுக்கி நிற்கிறது. அந்த வளையம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் பத்து முழுநிலவுகளை வரிசையாக உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அந்த விண்மீன் கூட்டத்தில் ஒன்று பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்திருக்கலாம், வளையத்தில் பாதி வேலை அந்த வெடிப்புடையது என்று கருதுவோரும் உண்டு.

வெடிப்பு என்றதும் திருவாதிரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்கழித் திருவாதிரையன்று நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் நடராசரைத் தரிசித்துவிட்டு வெளியே வருபவர்கள் ஒரு நிமிடம் வானைப் பார்த்தால், முழுநிலவுக்கு அருகே செம்மையாக ஒரு விண்மீன் தெரியும். அது ஒரு கோடி ஆண்டு வயதுகூட ஆகாமலேயே முதுமைக்கு வந்துவிட்ட பெருவிண்மீன். சூரியனுக்கு ஆயிரம் கோடி ஆண்டு ஆயுள்; இவற்றுக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். எரிபொருளை வாரி இறைத்துவிட்டு, கடைசியில் சூப்பர்நோவாவாக வெடிக்கும். வெடிக்கும்போது பிறந்த முகிலின் எச்சம் பக்கத்தில் இருந்தால் அதையும் துடைத்துவிடும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: தை, மாசியில் இரவு ஒன்பது மணிக்கு ஓரியன் நம் ஊரில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றுக்குத் தெற்கே மங்கலாக இன்னொரு மூன்று. அதன் நடுவில் உள்ளது விண்மீன் அல்ல, நெபுலா. ஊர் வெளிச்சம் இல்லாத வயற்காட்டில் வெறும் கண்ணுக்கே புகைபோலத் தெரியும், சாதாரணப் பைனாகுலர் இருந்தால் மடிப்பு தெரியும். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவு. இன்னொன்று, வடக்கே உள்ளவர்களுக்குக் கிடைக்காத பேறு நமக்கு உண்டு. சித்திரை மாதம் இரவு ஒன்பது மணி அளவில் உவரி போன்ற கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். தென்சிலுவைக்கு மேற்கே கரினா நெபுலா கடலுக்கு மேல் இருபது பாகைக்குச் சற்று மேலே வந்து நிற்கும். டெல்லியில் அது அடிவானத்தை விட்டு எழும்புவதே அரிது. ஈட்டா கரினே என்ற பூதாகரமான விண்மீன் அதற்குள் இருக்கிறது. 1843-இல் அது கக்கிய வாயு இரண்டு பந்துகளாக இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. அந்த ஆண்டு வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதுவாகத்தான் இருந்தது.

அன்று தேரியில் இருட்டத் தொடங்கியபோது இன்னொரு படத்தையும் அவளுக்குக் காட்டினேன். அதே கரினா நெபுலாவின் ஓரத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து, 2022 ஜூலையில் வெளியான படம். கீழே செம்பழுப்பு மலைத்தொடர் போன்ற விளிம்பு, மேலே நீலவெளி. எதுவும் விளக்காமல் போனை அவள் கையில் கொடுத்தேன். சிறிது நேரம் அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தாள்.

“முகடு எல்லாம் மேலே பார்க்கின்றன. ஆவியும் மேலேதான் போகிறது. வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது, மாமா.”

“அப்படியானால் விண்மீன் எங்கே?”

படத்தில் தேடினாள். பிறகு விரலை போனின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோய், அதையும் தாண்டி, வெறும் இருட்டில் ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். படத்துக்கு வெளியே, மேலே, அந்தத் திசையில்தான் அவை இருக்கின்றன.